வாபஸ் வாங்கியவர்

எம்.எல்.ஏ. உமாபதி ஆந்திர சட்டசபையில் எழுந்தார். புதுச் சட்டம் ஒன்றுக்குத் தான் கொடுத்த திருத்தத்தை வாபஸ் வாங்கிக்கொள்வதாகத் தெலுங்கில் ஒரே வரி சொன்னார். உட்கார்ந்துவிட்டார்.

வரதய்யபாளையத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் ரத்னம்மா வீட்டு டிவி முன்னால் கூடியிருந்த பெண்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

கம்பெனிகளுக்கு நிலம் எடுக்கிற சட்டம் அது. பட்டா யார் பேரில் இருக்கிறதோ அவர் கையெழுத்துப் போட்டால் போதும், நிலம் போய்விடும். பட்டா எல்லாம் ஆம்பளைங்க பேரில். ஆம்பளைங்க பாதிப் பேர் சென்னையில், பெங்களூரில், குவைத்தில். பொண்டாட்டி கையெழுத்தும் வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கப் போவதாகவும், டிவியில் பாருங்கள் என்றும் போன மாசம்தான் உமாபதி வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

“வாபஸ்னா என்னான்னு நமக்குத் தெரியாதா?” என்றாள் ரத்னம்மா. “பஞ்சாயத்து எலெக்‌ஷன்ல ஏகாம்பரம் வாபஸ் வாங்கினான். மறு மாசமே ஊட்டு மேல ஊடு கட்டினான். இவன் எங்க கட்டப் போறானோ.”

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்து முடித்துத் திட்ட ஆரம்பித்தார்கள். கம்பெனிக்காரன் நன்றாகக் கவனித்திருப்பான் என்றாள் ஒருத்தி. அடுத்த தடவை ஓட்டுக் கேட்டு வந்தால் குழாயடியைத் தாண்ட விடக்கூடாது என்றாள் இன்னொருத்தி.

சுந்தரி மட்டும் சும்மா இருந்தாள். நாலு பேர் இருக்கிற இடத்தில் அவளுக்கு வாயே வராது. மடியில் தூங்குகிற குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் புருஷன் கோவர்த்தனன் குவைத்தில் இருக்கிறான். ரெண்டு ஏக்கர் வேர்க்கடலை நிலம்தான் அவளுக்கும் பிள்ளைக்கும் சோறு. அதைக் கம்பெனிக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்று புருஷனின் அண்ணன் கங்கையா ஒற்றைக்காலில் நிற்கிறான். பேப்பரைக் குவைத்துக்கே அனுப்பிக் கையெழுத்து வாங்கிவிடுவானாம். அண்ணன் சொன்னால் கோவர்த்தனன் படித்துக்கூடப் பார்க்க மாட்டான்.

சபை முடிந்து உமாபதி திருப்பதி வீட்டுக்கு வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டதும், யாரிடமும் சொல்லாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். என்ன கேட்பது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். அவர் எதிரில் போய் நின்றதும் அத்தனையும் மறந்துவிட்டது.

எந்த ஊர் என்று அவர்தான் கேட்டார். சொன்னாள்.

“ரொம்பத் திட்றாங்களா?”

இதற்குத் தலையாட்டுவதா, கூடாதா? தெரியாமல் நின்றாள். அப்புறம் எப்படியோ கேட்டுவிட்டாள்.

“ஏன் சார் வாபஸ் வாங்கினீங்க?”

உமாபதி, வந்திருந்தவர்கள் எல்லாரும் போகட்டும் என்று அவளை உட்காரச் சொன்னார். கூடம் காலியானதும் மேஜையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து, தெலுங்கு படிப்பாயா என்று கேட்டார்.

அஞ்சாவது வரைக்கும் தெலுங்குப் பள்ளிக்கூடம்தான். எழுத்துக் கூட்டிப் படித்தாள். பாதி புரியவில்லை. நாலாவது வரியில் நின்றுவிட்டாள். மனைவி கையெழுத்து இல்லாமல் நிலம் எடுக்கக் கூடாது என்று இருந்தது. கீழே மந்திரி பெயர். உமாபதி பெயரைத் தேடினாள், எங்கேயும் இல்லை.

அவளுக்கு இன்னும் குழம்பியது. அவர் நிதானமாகச் சொன்னார். அவர் எதிர்க்கட்சி. ஓட்டுக்கு விட்டிருந்தால் அந்த வரி அன்றைக்கே தோற்றுப் போயிருக்கும், அதோடு சரி. வாபஸ் வாங்கினால், மந்திரி அதைத் தன் சொந்த யோசனை மாதிரி சட்டத்தின் விதிகளில் சேர்த்துவிடுவதாகத் தனியாகச் சொல்லியிருக்கிறார். விதிகளை எழுதியாகிவிட்டது. மந்திரி கையெழுத்துதான் பாக்கி.

“அப்போ நீங்க ஒண்ணும் தப்புப் பண்ணல. நான் ஊர்ல போயி சொல்லிட்றேன் சார்.”

“வேணாம்மா. எதிர்க்கட்சிக்காரன் பேச்ச மந்திரி கேட்டாருன்னு ஒரு வார்த்த பேப்பர்ல வந்தா போதும், அந்த வரிய அடிச்சிட்டுத்தான் கையெழுத்துப் போடுவாரு. நீங்க எல்லாம் என்னைத் திட்டிக்கினு இருக்கிற வரைக்கும் அது பத்திரமா இருக்கும்.”

“எத்தினி நாளைக்கு சார்?”

“ஒரு மாசம் ஆவலாம். எலெக்‌ஷன் தாண்டியும் ஆவலாம்.”

ஊர் வந்து சேரும் வரைக்கும் சுந்தரிக்குத் தலை சுற்றியது. வரியை எழுதினவர் ஒருத்தர், பேர் இன்னொருத்தருக்கு. நல்லது செய்கிறவரைத் திட்டித்தான் அந்த வரியைக் காப்பாற்ற வேண்டுமா? இது என்ன நியாயம் என்று யாரிடம் கேட்பது, கேட்கவும் கூடாதே.

நாலு நாள் கழித்துக் குழாயடிக்குப் பேப்பர் நிருபர் ஒருவர் வந்தார். எம்.எல்.ஏ.வைப் பற்றி ஊரில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்டார்.

ரத்னம்மாவுக்கு அதற்குள் கோபம் ஆறியிருந்தது. “அந்த ஆளு அப்பிடிப்பட்டவன் இல்லிங்க” என்றாள். “யோசிச்சிப் பாத்தா, மந்திரி கிட்ட ஏதோ பேசி வச்சிக்கினுதான் வாபஸ் வாங்கியிருப்பாரோன்னு தோணுது.”

நிருபர் பேனாவை எடுத்தார்.

சுந்தரி குடத்தைக் கீழே வைத்தாள். ஊரில் இதுவரைக்கும் யாரும் கேட்டிராத சத்தத்தில் வாயைத் திறந்தாள்.

“என்னாக்கா நீ, அவனுக்குப் போயி பரிஞ்சி பேசற? கம்பெனி காசத் துன்னுட்டு நம்மள வித்த திருடன் அவன். நல்லா எழுதிக்குங்க சார்.”

அவர் எழுதிக்கொண்டார்.