லட்டு படித்த பாடம்

'இன்னைக்காவது சொல்லிக்கொடுத்த மாதிரி நடந்துக்கடா, லட்டு' என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டே சந்திரகலா வஞ்சிரத் துண்டுகளைப் புரட்டிப்போட்டாள். அடுப்படி வாசலில் படுத்திருந்த நாய்க்குட்டி ஒரு காதை மட்டும் தூக்கிப் பார்த்தது.

கூடத்தில் ஜமக்காளம் விரித்தாகிவிட்டது. சனிக்கிழமை வந்தால் போதும், கணவன் பிரேம்குமாரின் சித்தப்பா மகன் அரிகிருஷ்ணன் இரண்டு நண்பர்களோடு சென்னையிலிருந்து பாண்டிக்கு வந்துவிடுவான். பாட்டிலைத் திறந்தால் ஞாயிறு சாயங்காலம்தான் மூடுவார்கள். அதுவரை அவளால் அடுப்பைவிட்டு நகர முடியாது.

"அண்ணி, வறுவல் வருதா, இல்ல நாங்களே கடலுக்குப் போயி மீன் புடிச்சாரட்டுமா?" அரிகிருஷ்ணன் குரல் கொடுத்தான். கூடமே சிரித்தது.

லட்டுவைப் பழக்க அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. வாரநாட்களில் பிரேம்குமார் வேலைக்குப் போனதும், இதே ஜமக்காளத்தை விரித்து, யூடியூபைப் பார்த்துப் பார்த்துப் பாடம் நடத்தினாள். ஒருநாள் அது அரிசி டிரம் ஓரத்தில் மூத்திரம் பெய்தது. ஒருநாள் மடித்துவைத்த புடவை மேல்.

போன சனிக்கிழமை, இனிக் கவலையில்லை என்று நம்பியிருந்தபோது, பிரேம்குமாரின் செருப்புக்குள். அன்றைக்குக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். ஒரு நாய்க்குட்டிக்காகவா இவ்வளவு அழுகை என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

லட்டு எழுந்தது. சோம்பல் முறித்துவிட்டுக் கூடத்துக்கு நடந்தது. கரண்டியும் கையுமாக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள் சந்திரகலா.

"அய்யய்யோ! ஜமக்காளம் பூரா நாறடிச்சிடுச்சுடா!"

"யோவ், என் புது பேண்ட்டு போச்சுய்யா!"

அவள் ஓடிவந்து துடைத்தாள். துணியை அலசப் போகிற வழியில் லட்டுவின் வாயில் ஒரு ரஸ்க்கை வைத்தாள்.

"இப்டி செல்லம் குடுத்தா எப்டி உருப்படும்?" என்று கத்தினான் பிரேம்குமார்.

"விடுண்ணே. இனிமே நாங்க லாட்ஜுலயே தங்கிக்கிறோம்." அரிகிருஷ்ணன் பாட்டில்களைப் பையில் போட்டுக்கொண்டான். மூவரும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வெளியேறினார்கள்.

பிரேம்குமார் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். "நீ சொன்னாத்தான் அது கேக்குது, கலா. எப்டியாவது இந்தப் பழக்கத்த மறக்கடிச்சிடு. அப்புறம் நானே போயி அவனுங்கள கூட்டியாந்துடறேன்."

சந்திரகலா அடுப்பை அணைத்துவிட்டு வந்து, சோபாவில் காலை நீட்டிச் சாய்ந்தாள்.

"மாட்டேங்க," என்றாள் மெதுவாக. "இத கத்துக்குடுக்கிறதுக்குள்ள என் உசுரே போயிடுச்சி."