இடது முன்கதவு

மீட்டர் வலது பக்கத்தை முடித்துக்கொண்டு வண்டியின் பின்னால் போனது.

அவள் இடது முன்கதவைப் பார்க்காமல் நின்றாள்.

உள்ளங்கைக்குள் அடங்குகிற கருவிதான். மதிப்புப் போட வந்த செங்கோட்டுவேல் அதைத் தகட்டின் மேல் வைத்து எடுக்கும்போதெல்லாம் ஓர் எண் வந்தது. பெயிண்ட் எவ்வளவு கனம் என்று சொல்லுமாம். கம்பெனி பெயிண்ட் என்றால் நூறு, நூற்றிருபது. அதைத் தாண்டினால் எங்கோ அடிபட்டு மறுபடி பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

"நூத்திப்பத்து," என்றார். "நூத்திப் பன்னெண்டு."

"ஒரு கீறல் இருக்காதுங்க," என்றான் அவள் கணவன்.

அவன் அப்படித்தான் வைத்திருந்தான். சிவப்பு நிறக் குட்டி ஸ்போர்ட்ஸ் கார். அதன் மேல் நாலு தூறல் விழுந்தால் அவனுக்குத் தும்மல் வரும். பதினோரு லட்சத்துக்கு எடுத்து நாலு வருடம் ஆகிறது. இதைக் கொடுத்துவிட்டுப் பெரிய வண்டி எடுக்கலாம் என்று சேலத்து ஷோரூமுக்கு வந்தால், முதல் பேச்சிலேயே ஐந்தே கால் லட்சம் என்றார்கள்.

"அடிமாட்டு வெலைக்குக் கேக்கறீங்க."

"இந்த மாதிரி சின்ன ஸ்போர்ட்ஸ் வண்டிய ரெண்டாங்கையா வாங்க ஆள் இல்லைங்க சார்."

அப்போது இறுகிய முகம் இன்னும் இளகவில்லை. பாதிகூட இல்லை, பாதிகூட இல்லை என்று முனகிக்கொண்டே இருந்தான்.

அவளை அரை நாள் லீவு போடச் சொல்லிக் கூட்டி வந்தது ஒரு கையெழுத்துக்காக. அவன் பெயரில் வீட்டுக்கடன் ஓடிக்கொண்டிருந்ததால், வண்டிக்கடனை அவளுடைய டீச்சர் சம்பளத்தின் பேரில் வாங்கினான். வண்டியும் அவள் பெயரில். ஓட்ட மட்டும் விட்டதில்லை. லைசென்ஸ் இருந்தும்.

"அந்த கிளட்ச்சு உனக்கு வராது."

மீட்டர் இடது பக்கம் திரும்பியது.

பின்கதவு. நூற்றுப் பதினான்கு.

முன்கதவு.

செங்கோட்டுவேல் எண்ணைச் சொல்லவில்லை. மறுபடி வைத்தார். சற்றுக் கீழே இறக்கி இன்னொரு முறை வைத்தார்.

"இந்தக் கதவு பூசியிருக்குங்க சார். முந்நூறு காட்டுது."

அவன் சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை.

"வெலையக் கொறைக்கணும்னா கொறைங்க. நடக்காததச் சொல்லாதீங்க."

"மூணு தடவ வெச்சுப் பாத்துட்டேன் சார்."

"மேனேஜரக் கூப்பிடு. நீ எல்லா வண்டிக்கும் இப்படித்தான் சொல்றியா?"

ஷோரூம் கண்ணாடிக்கு உள்ளே நாலைந்து தலைகள் திரும்பின. செங்கோட்டுவேலுக்கு முகம் சுண்டிப்போனது. அவனைவிடப் பத்து வயதாவது மூத்தவர். கருவியைப் பார்த்தார். ஒருமுறை அவளைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"மீட்டர் பழசுதான் சார். தப்பாக்கூட இருக்கலாம்."

மீட்டர் தப்பில்லை என்று அந்த இடத்தில் இரண்டு பேருக்குத் தெரியும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவன் எட்டு நாள் புனே போயிருந்தான். மத்தியானம். காய்ச்சலில் கிடந்த மகள் மகிழினிக்குத் திடீரென்று வலிப்பு வந்தது. வாசலில் நின்று கத்தியும் ஓர் ஆட்டோ கிடைக்கவில்லை. அலமாரியில் இருந்த சாவியை எடுத்தாள். பெடலுக்குக் கால் எட்டவில்லை. சீட்டை முன்னால் இழுத்தாள். ஏழு முறை 'டக்' என்றது. பக்கத்து சீட்டில் குழந்தையைச் சாய்த்துக்கொண்டு ஓட்டியவள், ஆஸ்பத்திரி கேட்டில் திரும்பும்போது தூணில் கதவைத் தேய்த்தாள். நிறுத்திப் பார்க்கவில்லை.

குழந்தை பிழைத்தது. ஏலச் சீட்டில் எடுத்த பணம் டிங்கரிங் கடைக்குப் போனது. அவன் திரும்பி வருவதற்கு முதல் நாள், எண்ணிக்கொண்டே சீட்டை ஏழு தடவை பின்னால் தள்ளி வைத்தாள். மகிழினிக்கு லேசாகக் காய்ச்சல், இப்போது பரவாயில்லை என்று சொன்னாள். பயம். வேறொன்றுமில்லை.

மேனேஜர் அறைக் கதவு திறந்தது.

"மீட்டர் சரியாத்தான் இருக்கு," என்றாள். "நான்தாங்க இடிச்சேன்."

அவன் திரும்பினான்.

இரண்டு வருடமாகப் பதில் தயாராக இருந்தது. எந்த நாள், எந்த கேட், குழந்தையின் விரல்கள் எப்படி மடங்கி விறைத்திருந்தன, எல்லாம். திட்டுவான். திட்டட்டும். ஏன் எடுத்தாய் என்று ஒரு வார்த்தை கேட்டால் அத்தனையும் சொல்லிவிடலாம். சொல்லிவிட்டு இங்கேயே உட்கார்ந்து அழக்கூடச் செய்யலாம்.

அவன் செங்கோட்டுவேல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"சரி. இதுக்கு எவ்வளவு கொறைப்பீங்க?"

"இருபதாயிரம் ஆகும் சார்."

"பதினஞ்சுல முடிங்க."

அவள் காத்திருந்தாள். மேனேஜர் வந்தார், கேட்டார், பதினைந்துக்குச் சரி என்றார். கை குலுக்கினார்கள்.

அவன் வேறெதுவும் கேட்கவில்லை.

உள்ளே போனதும் செங்கோட்டுவேல் காகிதங்களை மேசையில் அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார். அவற்றின் மேல் சாவி இருந்தது. அதை ஓரமாக நகர்த்திவிட்டுப் பேனாவைத் திறந்து கொடுத்தார்.

"ஓனர் கையெழுத்துங்க மேடம். ரெண்டு எடத்துல."

உரிமையாளர் என்ற இடத்தில் அவள் பெயர் அச்சாகியிருந்தது. அப்பா பெயரின் முதலெழுத்தோடு, முழுப் பெயர்.

பேனாவை மூடி வைத்தாள். சாவியை எடுத்தாள்.

"எங்க போற?"

அன்றைக்கு அவளிடம் அவன் கேட்ட முதல் கேள்வி அது.

வெளியே வெயிலில் வண்டி சுட்டது. கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். கால் எட்டவில்லை. சீட்டுக்கு அடியில் கையை விட்டு முன்னால் இழுத்தாள்.

கண்ணாடிக்கு வெளியே அவன் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். அவள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஏழு.