மூன்று தடவை முழுகிய கப்பல்

மொசாம்பிக் தீவில் கோட்டைக்குப் போகிற தெருவில் அபக்காருக்கு ஒரு சின்னக் கடை. கரையில் ஒதுங்கும் பழைய கப்பல் பாசிமணிகளைக் கோத்து விற்கிறான் என்று பேர். உண்மையான வியாபாரம் சாக்குத் திரைக்குப் பின்னால்தான் நடந்தது.

அன்றைக்குத் தொப்பியும் கேமராவுமாக ஒருவர் வந்து மணிகளைப் புரட்டினார்.

"மணியெல்லாம் வேணாம். பெருசா ஏதாவது இருக்கா?"

அபக்கார் தெருவை ஒரு நோட்டம் விட்டான். திரைக்குப் பின்னாலிருந்து நீலப் பூப்போட்ட பீங்கான் தட்டு ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்து வந்தான். அடியிலும் ஓரத்திலும் சிப்பி அப்பியிருந்தது.

"சாவோ பெலிசியோங்கிற கப்பலோட தட்டு சார். நானூறு வருஷம்! காத்து மாறட்டும், பொறுத்துப் போவோம்னு மாலுமி தலைபாடா அடிச்சுக்கிட்டான். கேப்டன் கேட்டாரா? லிஸ்பன்ல பொண்ணுக்குக் கல்யாணமாம், அவசரமாம். பாறையில மோதிச் சுக்குநூறு! மாப்பிள்ளை இன்னும் காத்துக்கிட்டிருக்கான்."

"பாறையில மோதிச்சா? போன மாசம் ஒரு இத்தாலிக்காரர்கிட்ட, தீப்பிடிச்சு எரிஞ்சுதுன்னியே. அதுக்கு முன்னால ஒரு அம்மாகிட்ட, கொள்ளைக்காரன் பீரங்கியால சுட்டான்னியே. ஒரே கப்பல் எத்தனை தடவைடா முழுகும்?"

தொப்பி கழன்றது. அடையாள அட்டை வெளியே வந்தது.

"இன்ஸ்பெக்டர் மத்தேயுஸ். முழுகின கப்பல்ல இருக்கிற ஒவ்வொரு சாமானும் அரசாங்கச் சொத்து. எடுத்து வித்தா எட்டு வருஷம் உள்ளே. கெளம்பு!"

எட்டு வருஷம்! போன வாரம்தான் பிறந்த மகள், அபக்கார் திரும்பி வரும்போது, "யாரும்மா இந்த ஆளு?" என்று கேட்பாள். தடாலென்று காலில் விழுந்தான்.

"ஐயா, கப்பலும் இல்ல, கல்யாணமும் இல்ல! வாய்க்கு வந்ததைச் சொல்லி வயித்தைக் கழுவுறேன் ஐயா. சுத்தப் போலி! அடியில சிப்பியைச் சுரண்டித்தான் பாருங்களேன்!"

மத்தேயுஸ் பேனாக்கத்தியால் சுரண்டினார். சிப்பி உதிர்ந்த இடத்தில் குட்டிக் குட்டி எழுத்துகள் எட்டிப் பார்த்தன: மேட் இன் சைனா.

பக்கத்தில் பாசிமணி விற்கும் முவாசிசா விழுந்து விழுந்து சிரித்தாள். "அடப்பாவி! சந்தையில வாங்கின சோத்துத் தட்டுக்கா கேப்டன், பீரங்கின்னு இவ்வளவு பில்டப்பு?"

மத்தேயுஸுக்கு முகம் சுண்டிப் போயிற்று. பெரிய கடத்தல் கும்பலைப் பிடித்துக்கொண்டு வருகிறேன் என்று மேலதிகாரியிடம் மார்தட்டிவிட்டு வந்தவர் அவர்.

"உன்னை ஏமாத்துக் கேஸ்லயாவது உள்ளே தள்ளலாம்னா, ஏமாந்தவன்னு என் பேரையில்ல எழுதணும்!" என்று பல்லைக் கடித்தார்.

தட்டைத் தூக்கி எறிந்தார். அபக்கார் பாய்ந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

ஆத்திரம் அடங்காமல், ஒரு பலகையைப் பிடுங்கி, 'இங்கே விற்பது எல்லாம் போலி' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கடை வாசலில் ஆணி அடித்தார். "இதைக் கழட்டினே, தொலைச்சுப்புடுவேன்!" என்று சொல்லிவிட்டுப் தீவை விட்டுப் போகும் பாலத்தைப் பார்த்து நடையைக் கட்டினார்.

கடையைச் சாத்திவிட்டு அபக்கார் வீட்டுக்கு ஓடினான். மனைவி அத்திஜா அடுப்படியில், பசைக் கிண்ணமும் சிப்பித் துண்டுகளும் பக்கத்தில் இருக்க, குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"பொழைச்சேன் அத்திஜா! போலீசே வந்து, எல்லாம் போலின்னு பலகை மாட்டிட்டுப் போயிட்டாங்க. இனிமே ஒரு போலீஸ்காரனும் நம்ம கடைப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டான்!"

"சித்த நேரம் சும்மா இருங்க. கை ஆடுதில்ல?" என்றாள் அவள்.

காலையில் அவளுடைய அண்ணன் பாறைக்கு அடியில் முழுகி எடுத்து வந்த நானூறு வருஷத்துத் தட்டைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, மெல்லிய தூரிகையால் 'மேட் இன் சைனா' என்று எழுதிக்கொண்டிருந்தாள் அத்திஜா.