பதினேழாம் இலக்கக் கட்டுரை

நல்லூரில் நான்கு வீடுகள் கைவிரித்துவிட்டன. ஐந்தாவது வீட்டின் படலையைச் சாருஜா தயங்காமல் திறந்தாள். ஓய்வுபெற்ற ஆசிரியர் பரமலிங்கம் வெளியே வந்தார்.

"சேர், வாடகைக்கு அறை இருக்கெண்டு கேள்விப்பட்டன். இஞ்சை ரியூசனுக்குப் படிக்கிறன்."

"ஓம் பிள்ளை, இருக்கு. எந்த ஊர்?"

"வல்வெட்டித்துறை."

"அங்கை எவ்விடம்?"

"கடற்கரையடி."

"அப்பா என்ன செய்யிறவர்?"

"கடலுக்குப் போறவர்."

பரமலிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அறையை நேற்றுத்தான் வேறை ஆக்களுக்குச் சொல்லிப்போட்டன், பிள்ளை."

சாருஜா நகரவில்லை. பையிலிருந்து ஒரு கட்டுரையை எடுத்து நீட்டினாள். மாணவர் போட்டியில் முதற்பரிசு பெற்ற கட்டுரை அது. எழுதியவரின் பெயர் இல்லை. பதினேழு என்ற இலக்கம் மட்டுமே இருந்தது. தலைப்பு: 'ஊரைக் கேட்டு ஆளை அளப்பவர்கள்'. அடியில் நடுவர் சிவப்பு மையால் எழுதியிருந்தார்: 'எவ்விடம் என்று கேட்டுக் கதவடைப்பவர்கள் இதை வாசித்து வெட்கப்படட்டும்.'

கீழே இருந்த கையெழுத்து பரமலிங்கத்துடையது.

"எழுதினது நான்தான், சேர். உங்கடை சிவப்பு மையை நம்பித்தான் இந்த வீட்டுக்கு வந்தனான். இப்ப சொல்லுங்கோ, அறை இருக்கோ?"