வாய் திறந்த தவளை

ஏரியைக் காப்பாற்றுகிறோம் என்று மனிதர்கள் கரை முழுக்கக் கான்கிரீட் போட்டார்கள். நடைபாதை ஓரத்தில், வாயைத் திறந்த தவளை உருவத்தில் ஒரு குப்பைத்தொட்டியும் வைத்தார்கள்.

கோடை பிறந்தது. மண்ணுக்குள் புதைந்துகொள்ள இடம் தேடி அலைந்த ஒரு பெண் தவளை தொட்டியிடம் வந்தது.

“அண்ணே, கொஞ்சம் ஈரமண் எங்கேயாவது இருக்கா?”

“எல்லாத்தையும் மூடிட்டாங்க தங்கச்சி. இருந்தாலும் நம்ம இனத்து மேல அவங்களுக்கு எவ்வளவு பிரியம் பாரு! எனக்குப் புதுசா பச்சை பெயின்ட் அடிச்சிருக்காங்க” என்றது தொட்டி. வாய் நிறைய சிப்ஸ் பாக்கெட் இருந்ததால் பேச்சு குழறியது.

மற்ற தவளைகள் ஒவ்வொன்றாகக் கரையிலேயே காய்ந்து செத்தன. இது மட்டும் ஒழுகுகிற ஒரு குழாயடியில் கோடையை ஓட்டிவிட்டது.

மழை வந்தது. “தவளைச் சத்தமே இல்லையே, ஏரி மாதிரியே தெரியலையே” என்று நடக்க வந்தவர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். உடனே தொட்டிக்குள் ஒரு ஸ்பீக்கர் வைத்தார்கள்.

அன்று சாயங்காலம் ஆண் தவளையின் குரல் கேட்டது. பெண் தவளை கான்கிரீட் சரிவில் வழுக்கி வழுக்கி விழுந்து, மேலே ஏறி வந்தது.

“கூப்பிட்டது யார் அண்ணே?”

தொட்டி முதல்முறையாகத் தயங்கியது. “உள்ளே ஒரு பெட்டி வச்சிருக்காங்கம்மா. போன மழைக்கு இதே கரையில பதிவு பண்ணின குரலாம்.”

“அவர் இப்போ எங்கே?”

பெட்டி மறுபடியும் கூப்பிட்டது.

பெண் தவளை இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்ந்து உட்கார்ந்துகொண்டது.