ரத்தான நான்காவது வேலை

அந்த ஏஐ ஏஜென்ட்டை அலுவலகத்தில் நிறுவி நாற்பத்தொரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. அதற்குக் கொடுத்த வேலைகளைப் பாதியில் நிறுத்தும் கருவிக்கு அவள் கையேடு எழுதிக்கொண்டிருந்தாள். உதாரணத்துக்காக மூன்று வேலைகளைக் கொடுத்து, எல்லாவற்றையும் ரத்து செய்தாள். நான்கு வேலைகள் ரத்து என்று பதில் வந்தது.

நான்காவதைத் திறந்து பார்த்தாள். ‘தம்பியை வீட்டுக்கு அழைத்து வருதல்.’ கொடுத்தவர் என்ற இடத்தில் அவள் பெயர் இருந்தது. வேலை தொடங்கி ஒன்பது நாட்கள் ஆகியிருந்தன. கடைசிக் குறிப்பு நான்கு நிமிடங்களுக்கு முந்தையது: ‘பேருந்தில் வருகிறார். இன்னும் இரண்டு நிறுத்தங்கள்.’

பக்கத்து மேசைப் பொறியாளரிடம் திரும்பினாள். “அண்ணா, ரத்து பண்ணதைத் திரும்ப ஓட வைக்க முடியுமா?”

“நல்லா கேட்ட போ! முடியாதுன்னு காலைலதானே நீயே கொட்டை எழுத்துல எழுதின?” அவர் எட்டித் திரையைப் பார்த்தார். “இதுக்கா பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க? தம்பிக்கு ஒரு போன் போட்டா தன்னால வந்துட்டுப் போறான்.”

அலுவலகத்தில் இதுவரை யாரிடமும் சொல்லாததை அவள் அப்போதுதான் வாய்விட்டுச் சொன்னாள்.

“போன் வீட்லதான் இருக்குண்ணா. அவனைத்தான் ஒன்பது நாளா காணோம்.”