அதிரும் பலகை

செண்பகம் பலகையின் மேல் ஏறி நின்று பொத்தானை அழுத்துகிறாள். பலகை உறுமிக்கொண்டு அதிர்கிறது. கன்னமும் கையும் வயிறும் குலுங்க, அலமாரியில் அடுக்கிய டம்ளர்களும் கிணுகிணுக்கின்றன. ஜன்னலுக்கு வெளியே பனி விலகி, மிளகுக் கொடிகளின் மேல் வெயில் ஈரமாக இறங்குகிறது. ஒரு கல்யாண வீட்டில் அவள் உடம்பைப் பார்த்து நாலு பேர் சிரித்ததிலிருந்து அவள் வெளியே போவதில்லை. அது பொறுக்காமல்தான் அவள் புருஷன் நல்லதம்பி, இதில் நின்றால் உடம்பு இளைக்குமென்று சேலத்திலிருந்து இந்த மெஷினைப் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தான். இன்றோடு இரண்டு மாதம். பத்து நிமிடம் முடிந்து பலகை ஓய்கிறது. எடை பார்க்கும் மெஷினில் ஏறுகிறாள். முள் அதே எண்பத்திரண்டில் நிற்கிறது.

"முள்ளு சரியில்லையாட்ட இருக்குது, கண்ணு," என்கிறான் நல்லதம்பி, அவள் முகத்தைப் பார்க்காமல்.

"முள்ளு சரியாத்தானுங்க இருக்குது. மெஷின் ஆட்டுனா உடம்பு ஆடும், எளைக்காதுன்னு ஆஸ்பத்திரி நர்சம்மா இது வந்த அன்னைக்கே சொன்னாங்க. நாந்தான் வெளிய போவப் பயந்துக்கிட்டு இதும்மேலயே நின்னுட்டேன்."

அவன் வாங்கிவந்தது என்பதால் பலகையை முந்தானையால் துடைத்துச் சுவரோரம் சாய்த்து வைக்கிறாள். உள்ளங்காலில் இன்னும் அதிர்வு ஊர்கிறது. செருப்பை மாட்டிக்கொண்டு ரோட்டில் இறங்குகிறாள். குழாயடியில் தண்ணீர் பிடிக்கும் பெண்களின் பேச்சு சட்டென்று நிற்கிறது. ஒருத்தி கேட்கிறாள்:

"ஏன் செண்பகம், எங்க கெளம்பிட்ட?"

"சும்மா நடக்கலாமுன்னுதாங்க்கா."

அவர்கள் பார்த்துக்கொண்டே நிற்கிறார்கள். ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது. அவள் நடையை நிறுத்தவில்லை.